நான்காம் படி

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மாமாவும் நானும் சுகம். மாமாவின் முழங்கால் வலி மட்டும் விருந்தாளியாக வந்து வீட்டோடு தங்கிவிட்டது. அங்கே நீங்கள் நால்வரும் நலமா.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உனக்கோ எனக்கோ கோபம் வந்து ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு எங்கள் ஊர் அரசு சுகாதார மையத்துக்கு நீ வரப்போவதாக உன் மனைவி சொன்னாள். கேட்டதும் சந்தோஷம்தான். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் ஒரே ஊரில் இருக்கப்போகிறோம். அடுத்த நிமிஷமே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அங்கே நீ ஆய்வகப் பொறுப்பாளர், உனக்குக் கீழே பதினோரு பேர். இங்கே வரப்போவது இரண்டு கிரேடு கீழே, சாதாரண லேப் டெக்னீஷியனாக. "எதுக்கு இறங்கி வர்றான்?" என்று கேட்டேன். "அவரையே கேளுங்க அண்ணி" என்று நழுவிவிட்டாள். நழுவுவதில் நீங்கள் இருவரும் நல்ல ஜோடி.

காரணத்தைப் பிறகு பேசலாம். முதலில் சம்பளம். என் கடையில் மொத்தமாக வெள்ளைச் செருப்பு எடுக்க அந்த மையத்திலிருந்து ஒரு தலைமை நர்ஸ் வருவாள். அவளிடம் விசாரித்தேன். ஒவ்வொரு கிரேடிலும் பத்துப் படி இருக்கிறதாம். புதிதாக வருகிறவனை முதல் படியில் உட்கார வைத்துவிடுவார்களாம். மேல் பதவியிலிருந்து இறங்கி வருகிறவன், சேருவதற்கு முன்னால், எழுத்தில், காரணம் காட்டிக் கேட்டால் மேலே ஒரு படியில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டாம். கேட்காதவனுக்குத் தாமாகக் கொடுப்பதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு நீ தலைகீழாக நின்றாலும் வருஷத்துக்கு ஒரு படிதான்.

ஆறாம் படியில் வைத்தால், இப்போது நீ வாங்குவதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். முதல் படி என்றால் உன் மூத்த மகளின் பிசியோதெரபி படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்த வேண்டியதுதான். இது உனக்கும் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருக்கிறாய்.

ஆகவே எதிலும் கையெழுத்துப் போடாதே. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து நாற்பது ஜோடிச் செருப்போடு தொடங்கியவள் சொல்கிறேன். நீ கூச்சப்பட்டால் அந்தக் கூச்சத்திலும் எதிராளி லாபம் பார்த்துவிடுவான்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்கு இருமல் விட்டுவிட்டது. மாமாவைப் படி ஏற வேண்டாம் என்று சொல். நீ சொன்னால் கேட்பார், கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

நீ எழுதிய விதி சரிதான். விண்ணப்பத்தோடு அந்த விதித் தாளை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் நான் கேட்கப்போவதில்லை. இறங்கிப் போவது நான் எடுத்த முடிவு. யாரும் தள்ளிவிடவில்லை. பொறுப்பாளர் வேலை அலுத்துவிட்டது அக்கா. விடுமுறைப் பட்டியல், சண்டை சமாதானம், யார் மெஷினை அணைக்காமல் போனார்கள் என்ற விசாரணை. எனக்குக் கையில் ட்யூபைப் பிடித்து வேலை செய்யப் பிடிக்கும். அதைச் செய்யப் போகிறேன். சம்பளம் குறைவு என்றால் குறைவு.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. "உயர்பதவியை விட்டு விலகும் காரணம்." மேல் படி கேட்கிறவர்கள் மட்டும் அதை நிரப்ப வேண்டும். நான் வெறுமனே விட்டிருக்கிறேன்.

அரசு அலுவலகம் உன் சந்தை இல்லை. அங்கே போய்ப் பேரம் பேசினால் சிரிப்பார்கள்.

பெரியவள் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து அவளிடம் எதுவும் சொல்லிவைக்காதே. போன தடவை நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் அழுதாள்.

உன் தம்பி


ஜனவரி 25

தம்பி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு முறை கடையில், ஒரு முறை பஸ்ஸில், ஒரு முறை மாமாவுக்கு உரக்க. அவர், "பய எதையோ மறைக்கிறான்" என்றார். முழங்கால் போனாலும் மூளை போகவில்லை.

இருபத்தெட்டு வருஷமாக விற்கிறேன், வாங்குகிறேன். விலையே கேட்காமல் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறவன் இரண்டே வகை. ஒருத்தன் திருடிக்கொண்டு வந்தவன். இன்னொருத்தன் சரக்கில் எங்கோ ஓட்டை இருப்பது தெரிந்தவன். நீ திருடமாட்டாய். அப்படியானால் ஓட்டை எங்கே?

அலுத்துவிட்டதாம். எனக்குந்தான் தினமும் அலுக்கிறது. கடையைப் பாதி விலைக்கா கொடுத்துவிட்டேன்?

சந்தை இல்லை என்கிறாய். ஒருத்தன் தருகிறான், ஒருத்தன் வாங்குகிறான், நடுவில் ஒரு மேசை இருக்கிறது. இதற்குச் சந்தை என்று பெயர் இல்லாவிட்டால் வேறு என்ன பெயரோ வைத்துக்கொள். உன் பத்தொன்பது வருஷ அனுபவத்தை அவர்கள் முதல் படி விலைக்கு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பரவாயில்லையா உனக்கு?

மூத்தவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் போன் பண்ணினாள். "அத்தை, நான் படிப்பை விட்டுட்டு ஏதாவது கிளினிக்ல உட்காரட்டுமா" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உனக்குத் தெரியாமல் கேட்கிறாள், நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

நீ கேட்கமாட்டாய் என்றால் விடு. பேசுகிறவர்களுக்கா பஞ்சம்.

அக்கா


பிப்ரவரி 4

அக்கா,

நீ ஓட்டை எங்கே என்று கேட்டாய். சொல்கிறேன். இதை இங்கே என் மனைவிக்கும் மேலதிகாரிக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

அக்டோபரில் ஒரு வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற டிரைவர், இன்னொருவர் தையல்காரர். ரத்தம் எடுத்தவுடன் கட்டில் பக்கத்திலேயே ட்யூபில் பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும். அது சட்டம். புதிதாக வந்த டெக்னீஷியன் பெண் அவசரத்தில் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் மேசையில் வைத்து ஒட்டினாள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வேறு யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டு மாறிவிட்டது. முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்.

டிரைவருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருந்தது. அவருக்குச் சரியாக இருக்கிறது என்று தாள் போனது. தையல்காரருக்குத் தேவையில்லாத மருந்து ஏறியது. மறுநாள் மதியம் ஒரு நர்ஸ் டிரைவரைப் பார்த்து, "இவருக்கு நெஞ்சு துடிக்கிறது தப்பா இருக்கே" என்று மறுபடி ரத்தம் அனுப்பினாள். அவளால் பிழைத்தார்கள். இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

என் மேல் நானே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார். தண்டனை இல்லை. அதுதான் கஷ்டம். அன்றிலிருந்து மற்றவர்கள் செய்த முடிவில் கையெழுத்துப் போட முடியவில்லை. பேனாவை எடுத்து வைக்கிறேன், திரும்பவும் ட்யூபைத் தேடிப் போகிறேன். தாள்கள் குவிகின்றன. வார்டிலிருந்து திட்டுகிறார்கள். நியாயமாகத்தான் திட்டுகிறார்கள்.

கீழ்க் கிரேடில் என் கையால் செய்வதற்கு மட்டும் நான் பொறுப்பு. மேல் படி கேட்டால் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். இதை எழுதினால் வேலையே கொடுக்கமாட்டார்கள். வேறு எதையாவது எழுதினால் பொய். அதனால் கேட்கவில்லை. வரும் 24ஆம் தேதி அங்கே நேர்காணல். முதல் படியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

பெரியவள் உன்னிடம் கேட்டதை எனக்குச் சொன்னதற்கு நன்றி. அதைப் படித்தபின் அன்று வேலைக்குப் போகவில்லை.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை. வரட்டும். அதற்குள் நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன்.

நேற்றுச் சுகாதார மையத்தின் சம்பளப் பிரிவுக்குப் போயிருந்தேன். இரண்டாம் மாடி. நீளமான அறை, ஜன்னலை அடைத்து இரும்பு அலமாரி, ஓடாத மின்விசிறிக்கு அடியில் ஓடாத கடிகாரம். கடைசி மேசையில் அலுவலர். சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருக்கிறார், எழுதும்போது ஐந்தாவதைத் தேடுகிறார்.

"யாருக்காக வந்திருக்கீங்க?"

"தம்பிக்காக."

"ஏன், அவருக்குப் பேச வராதா?"

"பேச வரும் சார். கேக்கத்தான் வராது."

சிரித்துவிட்டார். சிரித்தவரிடம் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. உன் அனுபவத்தைச் சொன்னேன். அவர், "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. முதல் படியில சேரச் சொல்லுங்க" என்று அடுத்த கோப்பை எடுத்தார். அப்போதுதான் ஒரு கதையை எடுத்துவிட்டேன்.

"அதில்ல சார். துறைமுகத்துப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில அவனுக்கு ஆறாம் படி தர்றதாச் சொல்லிட்டாங்க. கூடப்பிறந்தவ இருக்கிற ஊராச்சேன்னுதான் இங்க வரணும்னு நினைக்கிறான். நீங்க முதல் படின்னா அவன் அங்க போயிடுவான்."

கோப்பைக் கீழே வைத்துவிட்டார். "யார் சொன்னது? எப்ப?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார் என்றால் என்ன அர்த்தம்? பயந்துவிட்டார் என்று அர்த்தம். "பார்க்கலாம்மா" என்று எழுந்து நின்று அனுப்பினார்.

இது எங்கள் கடைத்தெருவில் தினம் நடப்பது. எதிர்க்கடைக்காரன் குறைத்துத் தருகிறான் என்று வாங்குகிறவன் சொல்வான். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அதை வைத்துத்தான் இருவரும் ஒரு விலைக்கு வருவோம். நேர்காணல் இருக்குமாம், அதில் நீ இதைப் பற்றி வாயைத் திறக்காதே. கேட்டால் மெல்லத் தலையை ஆட்டு, போதும்.

மூத்தவளைப் புத்தகத்தைத் திறக்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

உன் கடிதமும் சம்பளப் பிரிவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன.

"தங்களுக்கு வேறொரு மருத்துவமனை ஆறாம் படி வழங்க முன்வந்ததாகத் தங்கள் சகோதரி தெரிவித்துள்ளார். அதற்கான உத்தரவின் நகலை நேர்காணலுக்கு முன் சமர்ப்பிக்கவும். தவறினால் தவறான தகவல் அளித்ததாகக் கருதப்படும்."

அவர் பயப்படவில்லை அக்கா. அவர் வேலையைச் செய்தார். நீ சொன்னது இப்போது என் பெயர் எழுதிய கோப்பில் பக்க எண் போட்டு இருக்கிறது. உன் தெருவில் சொன்னவுடன் காற்றோடு போய்விடும். அந்த அறையில் எதுவும் போகாது.

ஒரு ட்யூபில் தவறான சீட்டு ஒட்டப்பட்டதைப் பார்த்தும் பேசாமல் இருந்ததற்காக நாலு மாதமாக நான் நானாக இல்லை. நீ என் மேலேயே ஒன்றை ஒட்டிவிட்டு, நல்ல செய்தி என்று எழுதுகிறாய். தலையை மட்டும் ஆட்டச் சொல்கிறாய்.

எனக்குத் தெரியும், நீ எனக்காகத்தான் போனாய். நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது ஷூ வாங்கக் காசில்லை என்று நான் சொல்லாமலே பெட்டியை நீட்டியவள் நீ. அதனால்தான் உன்னைத் திட்டக்கூட முடியவில்லை. அது இன்னும் மோசம்.

நேர்காணலுக்குப் போவேன். என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். இங்கேயும் ராஜினாமா கொடுத்தாகிவிட்டது, திரும்ப முடியாது.

இதற்குப் பதில் வேண்டாம். அன்று உன் வீட்டுக்கு வரமாட்டேன். பஸ் நிலையத்திலிருந்து நேராகப் போய், நேராகத் திரும்பிவிடுவேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, தகவல்.

உன் நான்காம் தேதிக் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. படித்துவிட்டுக் கடையை அரை நாளிலேயே மூடினேன். கடைப்பெண்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். அப்போதும், நான் சொன்னதை அவர் மறந்திருப்பார் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் வந்தபிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

நேற்று மறுபடியும் அந்த அறைக்குப் போனேன். அலுவலர் நிமிர்ந்து பார்த்து, "நகல் கொண்டு வந்தீங்களா?" என்றார்.

"நகல் இல்ல. அப்படி ஒரு உத்தரவே இல்ல. நானா சொன்னது."

"தம்பி சொல்லச் சொன்னாரா?"

"அவனுக்கு நான் வந்ததே தெரியாது."

கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "வாயால சொன்னதை நான் எழுதியாச்சு. இப்ப வாயால வந்து இல்லைன்னா நான் அடிச்சுட முடியாதும்மா. எழுத்துல கொடுங்க." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க பக்கத்து அறை கொள்முதல் பிரிவுக்கு வருஷா வருஷம் செருப்பு டெண்டர் போடுறவங்கதானே? இதை எழுதிக் கொடுத்தா அவங்க கண்ணுலயும் படும்" என்றார். நல்ல மனுஷன். எச்சரிக்கை செய்ய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"பேனா கொடுங்க" என்றேன்.

நான்கு வரி. நான் சொன்னது பொய், என் தம்பிக்கு அதில் சம்பந்தம் இல்லை, இன்ன தேதி, இன்ன முகவரி. நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. என் வாய்ச்சொல்லை நம்பி, ரசீதுகூட வாங்காமல் லாரி லாரியாகச் சரக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவள், நான் பொய் சொன்னேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, யாரோ செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெயிலில் நிற்க வைத்த மாதிரி இருந்தது. இந்த வருஷம் டெண்டர் போடவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்முன் நானே விலகிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் அது பொய் இல்லை என்று இன்னும் சொல்வேன். ஆனால் நான் நின்றது எங்கள் தெருவில் இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அந்த இரண்டு ட்யூப் விஷயத்தை அங்கே நான் சொல்லவில்லை. சொன்னால் உனக்காக இரக்கப்படுவார்களோ என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு.

24ஆம் தேதி நான் பஸ் நிலையத்துக்கு வரமாட்டேன். கடையில்தான் இருப்பேன்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

உன் தகவல் கிடைத்தது. நேர்காணலுக்கு முன்பே கிடைத்தது. பையில் வைத்துக்கொண்டு போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். உன் பேனாக்காரர், ஆய்வகத்து டாக்டரம்மா, நிர்வாகத்திலிருந்து ஒருவர். உன் நாலு வரி கோப்பின் மேலேயே இருந்தது. நிர்வாகத்துக்காரர் அதைத் தட்டி, "உங்க அக்கா ரொம்பக் கெட்டிக்காரங்க போல" என்றார்.

"ஆமா சார். இந்தப் பேரம் மட்டும் அவங்களுக்கு ஒத்து வரல" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு டாக்டரம்மா, "ஏன் இறங்கி வர்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பெயர்ச்சீட்டு, டிரைவர், தையல்காரர், போனில் பேசிக்கொண்டே பார்த்தது, எல்லாம்.

"இங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"நான் செய்ததுக்குப் போடுவேன் மேடம். நான் பார்க்காததுக்குப் போடமாட்டேன். அது உங்களுக்குச் சரிப்படலைன்னா என்னை எடுக்காதீங்க."

"எத்தனாம் படி கேக்கறீங்க?"

முதல் படி என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறக்கும்போது பெரியவள் முகம் வந்தது. உன் முகமும் வந்தது, அதைத் தள்ளிவிட்டேன். நான்காம் படி என்றேன். அவர்களிடம் இருக்கும் இரண்டு மெஷின்களையும் பழுது பார்ப்பது வரை எனக்குத் தெரியும், வேறு ஆளைப் பழக்க ஒரு வருஷம் ஆகும் என்று காரணம் சொன்னேன். நிர்வாகத்துக்காரர் இரண்டாம் படி என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ சொல்வாயே, விலை சொன்ன பிறகு பேசுகிறவன் தோற்கிறவன் என்று. அது வேண்டுமென்று செய்ததில்லை, பேச்சு வரவில்லை.

டாக்டரம்மா, "கட்டத்தை நிரப்புங்க" என்று விண்ணப்பத்தைத் தள்ளினார். அங்கேயே எழுதினேன். ஐந்து நாள் கழித்து உத்தரவு வந்தது. நான்காம் படி. பெரியவள் படிப்பைத் தொடர்கிறாள். என் மனைவி மதியத்துக்கு மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதப் போகிறாள். சமாளித்துவிடலாம்.

ஏப்ரல் முதல் வாரம் வருகிறோம். வீடு நாங்களே பார்த்துவிட்டோம். உன் கடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஊரே இருக்கிறது. இப்போதைக்கு அப்படி இருக்கட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. சுகாதார மையத்துக்கு நீ வரக்கூடாது. என்னைப் பற்றி அங்கே யாரிடமும், பேனாக்காரரிடம்கூட, ஒரு வார்த்தை பேசக்கூடாது. நல்லதாக இருந்தாலும் பேசக்கூடாது. இதில் பேரம் இல்லை.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


மார்ச் 7

அன்புள்ள தம்பிக்கு,

நான்காம் படி. சந்தோஷம். ஆறு கேட்டிருந்தால் ஐந்து வந்திருக்கும் என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

வீடு தூரமாக இருப்பது நல்லதுதான். பக்கத்தில் இருந்தால் திரைச்சீலை நிறத்திலிருந்து தலையிடுவேன்.

உன் நிபந்தனைக்குச் சம்மதம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அங்கே வரவும் மாட்டேன், உன் அக்காவாக. ஆனால் ஒரு சந்தேகம். எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார். ஊசிக்குப் பயந்து உங்கள் யாருக்கும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். பாதம் மரத்துப்போகிறது. செருப்புக் கடைக்காரிக்குப் பாதம் மரத்தால் சரக்கின் தரம் எப்படித் தெரியும்?

நோயாளியாக வரலாமா? கீழே சீட்டு வாங்கி, எல்லாரையும் போல வரிசையில் நிற்கிறேன். சீட்டில் உறவு எழுதும் இடம் இல்லையாம், தலைமை நர்ஸிடம் கேட்டுவிட்டேன். இது மட்டும் நிபந்தனைக்கு முன்பே கேட்டது.

வேறு யார் எடுத்தாலும் எனக்குப் பயமாக இருக்கும். நீ எடு. என் கண்ணெதிரே ட்யூபில் என் பெயரை எழுதி ஒட்டு. நான் கையை நீட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா